ரத்தம் ஏறும் நேரம்

சொட்டு விழுகிறது. அடுத்தது திரண்டு, குண்டாகி, விழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, விழுகிறது. சிஸ்டர் ஜெபசீலி குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டி வேகத்தைக் குறைத்தாள். மெதுவாவே ஏறட்டும்க்கா, நடுக்கம் வந்தாலோ உடம்பு அரிச்சாலோ உடனே கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மதியம். வார்டின் கோடியில் யாரோ தட்டுக் கழுவுகிறார்கள். பை எனக்கு நேர் மேலே தொங்குகிறது. ரத்தம் சிவப்பு என்றுதான் சொல்கிறோம், பையில் இருப்பதைப் பார்த்தால் நன்றாகப் பழுத்த நாவல்பழத்தை நசுக்கின மாதிரி இருக்கிறது. யாருடையது இது. ஏதோ ஒரு காலேஜ் முகாமில் கையை நீட்டிப் படுத்துவிட்டு, கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போன ஒரு பையனாக இருக்கலாம். கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற ஒரு ஆளாக இருக்கலாம். அவருக்கு என்னைத் தெரியாது. நான் பொற்கொடி. ஓட்டேரியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அது ஊருக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை இன்னொன்று, இந்த நகரத்தில் எப்போதாவது தலைகாட்டும் ரத்தக்காட்டேரிகளைத் தேடிப்போய்க் கொல்வது. இளவயதில் ஆரம்பித்தது, இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. இத்தனை காலமும் ரத்தம் வற்றிய உடம்புகளையே பார்த்துப் பார்த்து, மனித உடம்பென்றாலே வற்றிப்போகிற ஒன்று என்று மனதுக்குள் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது. நிறைகிற உடம்பை இன்றுதான் பார்க்கிறேன், அதுவும் என்னுடையதாக இருக்கிறது. முதலில் விரல் நுனிகளில் தெரிந்தது, பிறகு காது மடலில், குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி ஒரு சூடு. ரத்தத்தை எடுக்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. கொடுக்கிறவர்களைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நல்லா இருங்க, யாராயிருந்தாலும் நல்லா இருங்க என்று பையைப் பார்த்து வாய்க்குள் சொன்னேன், சொன்னதும் வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கட்டில் லூர்து அதைப் பார்த்துவிட்டாள். காசிமேட்டுக்காரி, சர்க்கரைப் புண்ணுக்காகக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே இங்கே வந்தவள். இன்னாமே, பையோட பேசிக்கினு இருக்கே என்றாள். ஜெபம் பண்றேன் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது, ஜெபம் பண்ணு பண்ணு என்று கையைக் காட்டினாள். அவளுக்கும் இந்த வார்டுக்கும் டாக்டர்களுக்கும் நான் நாய் கடித்து வந்தவள். கழுத்தில் கட்டு, உள்ளே தையல், இன்னும் ஒரு நூல் தள்ளிப் பட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டீங்க என்று சின்ன டாக்டர் சொன்னார். எவ்வளவு பெரிய நாய்ம்மா என்று கேட்டார். பெருசு சார் என்றேன். அதனால் நாய்க்கடி ஊசியும் போட்டுவிட்டார்கள், அது பாவம் யாருக்காவது பயன்பட்டிருக்கும். லூர்து முதல் நாளே கேட்டது, அந்த நாய் செத்துதா இல்லியா என்றுதான். செத்துடுச்சு என்றேன். தோத்திரம் என்று சொல்லித் திரும்பிப் படுத்தாள். கேட்க வேண்டிய கேள்வியை அவள் ஒருத்திதான் கேட்டாள். மேலே மின்விசிறி சுற்றும்போது ஒரு இறக்கை மட்டும் டக் என்று எதிலோ படுகிறது, பேரிங் தேய்ந்திருக்கும், எழுந்து நடக்க முடிந்தால் கழற்றிப் பார்க்கலாம். சுற்றட்டும். காற்று வருகிறதே. இந்த டக்கைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதே பெரிய விஷயம். நான் மாறவில்லை என்றால்.

இதோ வந்துவிட்டது, எதை நினைத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. மாறவில்லை என்றால். காட்டேரி கடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் செத்துவிடுவார்கள். பிழைக்கிறவர்களில் சிலர் பிழைப்பதில்லை, அதாவது எழுந்து நடப்பார்கள், பேசுவார்கள், ஆனால் அவர்களாக இருக்க மாட்டார்கள். அது எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும், நானே பார்த்திருக்கிறேன். முதலில் வெளிச்சம் கண்ணைக் கூசும். காலையில் ஜன்னலைத் திறந்தபோது எனக்குக் கூசியது. ரத்தம் குறைந்த யாருக்குத்தான் கூசாது. பிறகு பசி. எனக்குப் பசிக்கிறது, நேற்றிலிருந்து பாலும் ரொட்டியும்தானே, பசிக்காதா. பிறகு ரத்தத்தைப் பார்த்தால் கண் எடுக்க வராது. நான் இந்தப் பையைப் பார்க்கத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது. கண்ணை எடு. எடுத்தேன். லூர்துவின் கால் கட்டில் ஒரு கசிவு இருந்தது. அதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் கிடைக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. தப்பாத அடையாளம் ஒன்றுண்டு, உப்பு. மாறத் தொடங்கியவர் நாக்கில் உப்பு நெருப்பாகச் சுடும், துப்பிவிடுவார்கள். அந்த ஒரு சோதனையை நான் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி இனிப்பு ரொட்டியிலும் பாலிலும் உப்பு தெரியாது, கஞ்சி வந்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். கஃபூர் பாய்க்கும் எனக்கும் ஒரு பேச்சு உண்டு, பல வருஷப் பேச்சு. எங்கள் இரண்டு பேரில் யார் மாறினாலும் மற்றவர் யோசிக்கக் கூடாது. குட்டியானை வண்டி ஓட்டுகிறவர், வாடகைக்கு பீரோவும் கட்டிலும் ஏற்றி இறக்குகிறவர். தம்பியைக் காட்டேரிக்குப் பறிகொடுத்தவர். அவர் வண்டி சீட்டுக்குக் கீழே துணிப்பையில், காட்டேரி நெஞ்சில் அடிக்கிற கருங்காலி முளை ஒன்று எப்போதும் இருக்கும். பெண்கள் வார்டு, பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். அவர் கீழே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். அந்தப் பையோடு. அது தெரிந்துதான் எனக்கு நேற்று தூக்கம் வந்தது. நான் நானாக இல்லாமல் போனால் லூர்துவையும் ஜெபசீலியையும் காப்பாற்ற ஒருவர் கீழே இருக்கிறார். இப்படி ஒரு துணை கிடைத்ததற்கும் யாருக்காவது நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் காட்டேரி மற்றவற்றைப் போல இல்லை. முதலில் செத்தவர் வேதமுத்து, பெரம்பூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன். லிஃப்டுக்குள் உட்கார்ந்த நிலையில் கிடந்தார். தொண்டை கிழிந்திருந்தது, தரையில் ஒரு சொட்டு இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு இல்லை. எனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார், தன்னால் விளக்க முடியாத உடம்பு எதையாவது பார்த்தால் ரிப்பேருக்கு மிக்ஸி இருக்கு என்று எனக்கு போன் செய்வார். நாக்கில்லாத அந்த வாயை இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். ரத்தம் போதும் அதற்கு, நாக்கு எதற்கு. கொஞ்ச நாள் கழித்து அந்தத் தெருமுனை டீக்கடை மாஸ்டர் சிவராசு, கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிய சந்தில். அதே தொண்டை, அதே வாய். நான் தடயம் தேடினேன், கூரைகளைப் பார்த்தேன், பூட்டிய வீடுகளைப் பார்த்தேன், எல்லாம் வீண். சிவராசு பெண்சாதி துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வேதமுத்து கூப்பிடறான் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் எழுந்து போனாராம். வேதமுத்து செத்த பிறகு. வேதமுத்து தினமும் இரண்டு வேளை அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசின ஆள், அவர் போனதிலிருந்து சிவராசு அந்த இடத்தில் யாரையும் உட்கார விடவில்லையாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருவரைக் கொன்று அவர் குரலை எடுத்துக்கொள்கிறது. அந்தக் குரலுக்காக ஏங்குகிற அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது. யார் அதிகமாக அழுகிறார்களோ அவர்கள் வாசலுக்குப் போகிறது. எனக்கு விளங்கின நேரத்தில் கனிஷ்கா செத்துப்போயிருந்தாள். காலேஜ் இரண்டாம் வருஷம். தினமும் காலையில் பஸ்ஸுக்கு முன்னால் அந்தக் கடையில் டீ குடிப்பாள், சிவராசுவை மாமா என்று கூப்பிடுவாள், அவர் போட்டோவைத் தன் போனில் வைத்திருந்தாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாள், துவைத்த துணிகள் மேலே கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. அவளுக்காக அழ வீட்டில் ஒரே ஒரு ஆள்தான். அம்மா கௌசல்யா.

குரல். அதை நினைத்தால் எனக்குத் தெய்வானை அக்கா வந்துவிடுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டு வந்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த காலம். லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே பாய். அம்மா செத்த வருஷம். அக்கா தூக்கத்தில் சிரிப்பாள். ஒரு சாயங்காலம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்து போயிருந்தாள். அம்மா குரல் கேட்டுச்சாம், பக்கத்து அறைப் பெண் சொன்னாள், இதோ வரேம்மா என்று சொல்லிக்கொண்டே செருப்புக்கூடப் போடாமல் போனாளாம். திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து நான் இந்த வேலையில் இருக்கிறேன். எத்தனையோ காட்டேரிகளைப் பார்த்துவிட்டேன், குரல் எடுக்கிற ஒன்றை அதற்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன். அதுவாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டேதான் கௌசல்யா வீட்டுக்குப் போனேன். அதை நான் பாயிடம் சொல்லவில்லை. பாய் என்னிடம் கேட்கவும் இல்லை, கேட்காமலேயே அவருக்குத் தெரியும், வண்டியில் போகும்போது ரேடியோவை நிறுத்திவிட்டார்.

அந்த டீக்கடைக்கு அடுத்த தெருவில் இரண்டாவது மாடி. மெட்ரோ ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என்னைத் துரத்தவில்லை, சிரிக்கவில்லை. ரெண்டு நாளா அவ கூப்பிடறா, திறக்காம உட்கார்ந்திருக்கேன், எனக்குப் பைத்தியம்னு நெனச்சேன் என்றாள். கண்ணுக்குக் கீழே கருப்பு அப்பியிருந்தது. மகள் போனதிலிருந்து ஒரு பொட்டுத் தூங்கவில்லை, கண்ணை மூடினால் அடுத்த அறையில் அவள் நடக்கிற சத்தம் கேட்கிறது என்றாள். ஐப்பசி மழை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது, கரண்டும் போய்விட்டது. திட்டம் சுலபம். உள்ளே இருக்கிறவர் தானாகத் திறந்தால் ஒழிய அது வாசலைத் தாண்டாது. வெளியே வெளிச்சம் கொஞ்சமாவது இருக்கும்வரை அதற்குப் பலம் குறைவு. பாய் மேல்மாடிப் படிக்கட்டில் ஒளிந்திருப்பார். குரல் வந்ததும் நான் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறப்பேன், அது என்னைப் பார்த்துத் திகைக்கும் நேரத்தில் அவர் பின்னாலிருந்து இறங்கி முளையை அடிப்பார். குரல் வந்தது. அவ்வளவு சாதாரணமாக வந்தது. அம்மா, கதவத் தெற, நனைஞ்சுட்டேன், துண்டு எடுத்துட்டு வா. நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கௌசல்யா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை ஐஸாக இருந்தது.

"அக்கா, அது அவ இல்லேன்னு எனக்குத் தெரியும். நான் கொஞ்சம் பேசிக்கறேன்."

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நொடிக்கும் வெளியே நிற்பதற்குப் பலம் கூடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பார்கள், நானும் தட்டிவிட்டிருக்க வேண்டியவள்தான். நான் கையை எடுத்தேன். தெய்வானையோடு பேசுவதற்கு யாராவது எனக்கு ஒரு கதவு கொடுத்திருந்தால் நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன் என்று நினைத்தேனா, அல்லது அப்படி எதையுமே நினைக்கவில்லையா, தெரியவில்லை. கையை எடுத்தேன். கௌசல்யா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி.

"கனி, அன்னிக்கு நீ போயிட்டு வரேம்மான்னு சொன்னே. அடுப்புல பால் பொங்கிட்டிருந்துச்சு. நான் திரும்பிப் பாக்காம ம்னு மட்டும் சொன்னேன். உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல கண்ணு. உன்னைப் பெத்ததுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும்."

அம்மா, கதவத் தெற, நனைஞ்சுட்டேன் என்றது வெளியே. அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கம், டேப் ஓடுகிற மாதிரி. கௌசல்யா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி முறையாக ஒரு குரலைக் கேட்கிறவள் எப்படிக் கேட்பாளோ அப்படி. பிறகு சொன்னாள்.

"போ."

நம் வீடுகளில் யாரையும் வெறும் போ என்று அனுப்புவதில்லை. சண்டை போட்டுக்கொண்டு போனால்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்வோம். கௌசல்யா அந்த வா இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்து ஒதுங்கி நின்றாள். நான் திறந்தேன். வெளிச்சம் சுத்தமாகப் போயிருந்தது. அது திகைக்கவில்லை. அது என்ன வடிவத்தில் இருந்தது என்று இப்போது யோசித்தால் ஈரமான தலைமுடி மட்டும்தான் ஞாபகம் வருகிறது, பிறகு கழுத்தில் ஒரு சூடு, வலிகூட இல்லை, வெந்நீர்ச் செம்பு கவிழ்ந்த மாதிரி, பிறகு என் குதிகால்கள் தரையில் உரசுகிற சத்தம், என்னை அது இழுத்துக்கொண்டு போகிறது என்று அந்தச் சத்தத்தில்தான் தெரிந்தது. உடம்பிலிருந்து நான் காலியாகிக்கொண்டிருந்தேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கௌசல்யா ஓடி ஒளியவில்லை. என் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். அதனால்தான் அது படிக்கட்டைத் தாண்டவில்லை, அதனால்தான் பாய் இறங்கி வந்து முளையை அடிக்க நேரம் இருந்தது. அது விழுந்தபோது அதற்குள்ளிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு இருமல், அது வேதமுத்து. சர்க்கரை கம்மியா, என்று ஒரு கேள்வி, சிவராசு. ஒரு பெண்ணின் சிரிப்பு, கௌசல்யா அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத குரல்கள், பழைய குரல்கள், யார் யாரோ. நான் தரையில் கிடந்தபடி காத்துக்கொண்டிருந்தேன். இதோ வரேம்மா என்று ஒரு குரல் வரும் என்று. வரவில்லை. எல்லாம் அடங்கி மழைச்சத்தம் மட்டும் மிஞ்சியது. அக்காவைக் கொண்டுபோன காட்டேரி வேறு. தெய்வானை வேறெங்கோ போய்விட்டாள், எப்போதோ போய்விட்டாள். வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேதான் மயங்கினேன். அந்த ஏமாற்றம் இன்னும் இங்கே, நெஞ்சுக்குழியில், ஒரு விதை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். யாரோ பெயர் தெரியாதவர்களுடைய அக்காக்களும் பிள்ளைகளும் அன்றைக்கு அதிலிருந்து கிளம்பிப் போனார்கள், அதை நான் காதால் கேட்டேன்.

வாசனை. எங்கிருந்து வருகிறது. கண்ணைத் திறந்தால் லூர்துவின் நாத்தனார் வந்து உட்கார்ந்திருக்கிறாள், புடவைத் தலைப்பால் மூடி ஒரு டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். சிஸ்டர் பார்த்தால் கத்தும், சீக்கிரம் சாப்பிடு என்கிறாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. லூர்து அதைச் சாப்பிடவே கூடாது, அவள் எங்கே கேட்கிறாள். ஒரு கவளம் உருட்டி வாயருகில் கொண்டுபோனவள் என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. இந்தாமே, வாயத் தெற என்று அந்தக் கவளத்தை என் பக்கம் நீட்டினாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அவள் கை நின்றது. குழம்பு அவள் முழங்கையை நோக்கி வழிந்தது. கருவாடு, உப்பிலேயே ஊறிக் காய்ந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். தொண்டை வலிக்கிறது என்று சொல்லலாம். அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் இருந்தால் லூர்துவின் இந்தக் கைக்கு ஆபத்து. கீழே மரத்தடியில் ஒருவர் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார். வாயைத் திறந்தேன். சோறு நாக்கில் பட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, உயிரே நின்றுவிட்டது. பிறகு காரம், பிறகு புளி, அதற்குப் பின்னால் மெதுவாக, கடல் மாதிரி, உப்பு. வெறும் உப்பு. கரித்தது. அவ்வளவுதான் செய்தது. சுடவில்லை. மென்றேன், இன்னும் கரித்தது, இன்னும் மென்றேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. காரம் ஜாஸ்தியா போச்சா என்று நாத்தனார் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க எழுந்தாள். இல்லம்மா, உப்பு சரியா இருக்கு என்றேன். லூர்து பெருமையாக இன்னொரு கவளம் உருட்டினாள். அந்தக் கருவாட்டைக் காயவைத்த வெயிலுக்கு, அந்த நெத்திலியைப் பிடித்த வலைக்கு, அடுப்புக்கு, டிபன் பாக்ஸுக்கு, எதற்கு என்று சொல்வது, எல்லாவற்றுக்கும் கும்பிடு போட வேண்டும்போல இருந்தது, ஒரு கையில் ஊசி, ஒரு கைதான் சும்மா இருந்தது.

பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததும் கஃபூர் பாய்தான் முதல் ஆளாக உள்ளே வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. துணிப்பை தோளில். கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் கொஞ்சம் தள்ளியே நின்றார், நான் அவர் கையைத்தான் பார்த்தேன், அது பைக்குள் நுழைந்து முளையைப் பிடித்திருந்தது. சாப்பிட்டியா என்று கேட்டார். எத்தனையோ வருஷமாகத் தினமும் கேட்கிற கேள்வி, இன்றைக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். கருவாடு பாய், நெத்திலி, ரெண்டு வாய் வாங்கினேன் என்றேன். அவர் என் உதட்டோரத்தைப் பார்த்தார், ஒரு பருக்கை ஒட்டியிருந்திருக்க வேண்டும். பைக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று உள்ளங்கைக்குள் சொன்னது கேட்டது. பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, வண்டிக்கு பிரேக் ஆயில் மாற்ற வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்று விட்டார்கள் என்றார். அப்புறம் யாரு குடுத்தா என்றேன். அவர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

கௌசல்யா நின்றுகொண்டிருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது, அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தாள். பாய் எழுந்து ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். நான் இந்தப் பையைக் காட்டி, உன்னோடதா இது என்று கேட்டேன். இல்லக்கா, என்னுது வேற வகை, வேற யாருக்கோ போகும்னாங்க என்றாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று குரலில் தெரிந்தது. யாருக்கோ. நாளைக்கோ அதற்கு மறுநாளோ யாரோ ஒருத்தி இப்படி மல்லாந்து படுத்துக்கொண்டு யாருடையது இது என்று யோசிப்பாள். என்னை நாய் கடித்தது என்றே லூர்துவிடம் அவளும் சொன்னாள், கேட்டதற்கு எனக்கு அக்கா முறை என்றாள். என் காலைப் பிடித்தவள் இவள். நன்றி என்ற வார்த்தை மேடையில் பேசுகிற வார்த்தையாகப் பட்டது. வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்காகத்தானே நீங்க நேரம் குடுத்தீங்க, அதனாலதானே இப்படி ஆச்சு என்றாள். ஆமாம் என்றுதான் சொன்னேன், பொய் சொல்லத் தோன்றவில்லை. நல்லதாப் போச்சு கௌசல்யா, என்றும் சொன்னேன், அதுவும் பொய் இல்லை. அவள் கட்டில் விளிம்பில் இருந்த என் கையைத் தொட்டு, உங்க கை சூடா இருக்கு என்றாள். அந்தக் கையின்மேல் குனிந்து நெற்றியை வைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். முதுகு ஏறி இறங்கியது, ஆனால் அழுகையில் வருகிற மாதிரி விட்டு விட்டு இல்லை, ஒரே சீராக. கொஞ்ச நேரம் கழித்து வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டாள். இவ்வளவு சத்தத்துக்கு நடுவில், ஆஸ்பத்திரி ஸ்டூலில், மகள் போன நாளிலிருந்து தூங்காதவள். லூர்து பேச வாயெடுத்தாள், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நேரம் முடிந்துவிட்டது என்று வார்டில் ஒவ்வொருவராகக் கிளப்பிக்கொண்டே ஜெபசீலி வந்தாள். எங்கள் கட்டிலருகில் வந்து நின்றாள். நான் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எனக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, சத்தமில்லாமல் குழாயைக் கழற்றி, காலிப் பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, போகும்போது எங்கள் தலைக்கு மேலே இருந்த விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனாள். கௌசல்யாவின் தலை கனமாக இருந்தது, தூக்கம் ஆழமாக ஆக இன்னும் கனத்தது. கை மெல்ல மரத்துப்போகத் தொடங்கியது, முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. மரத்துப்போகட்டும் என்று அசையாமல் கிடந்தேன்.